பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தன்னார்வக் குழுவில் சேர ஆசை. கட்டடக்கலை படிக்காத எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?

உங்கள் கேள்வியைப் படித்தால், சிறிய ஊர் ஒன்றில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் சில பழைய கட்டடங்கள், அவற்றைக் காப்பாற்ற நாலு பேர் சேர்ந்த ஒரு குழு, படிப்பு இல்லையே என்று வாசலில் தயங்கி நிற்கும் நீங்கள், இதுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. சேருங்கள். வேலை நிறையவே இருக்கிறது. ஆனால் போன முதல் வாரமே சாந்து பூசும் கரணையைக் கையில் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு குழுவில் சேர்ந்தேன். நூறு வருடத்தைத் தாண்டிய செங்கல் கட்டடம், ஒரு காலத்தில் படிப்பகமாக இருந்தது. மேற்குச் சுவரின் அடிப்பகுதியில் செங்கற்களுக்கு நடுவே இருந்த சாந்து, விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று அடம்பிடித்தது நான்தான். சிமெண்டும் மணலும் குழைத்து இடுக்குகளை எல்லாம் நிரப்பினோம். ஞாயிறு சாயங்காலம் சுவர் கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்தது. அதன் முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம்.

மறு மழைக்காலத்தில் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. துடைத்தோம். திரும்பப் பூத்தது. அதற்கடுத்த மழை முடிந்தபோது செங்கல்லின் முகம் ஏடு ஏடாகக் கழன்று விழ ஆரம்பித்தது. கடைசியில் செங்கல் உள்வாங்கிப்போய், நாங்கள் அடைத்த சிமெண்டு மட்டும் வரப்பு போலத் துருத்திக்கொண்டு நின்றது.

வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் ஒன்றும் பேசாமல் தண்ணீரில் விரலை நனைத்து, செங்கல்மேல் ஒரு சொட்டு வைத்தார். உடனே உறிஞ்சிக்கொண்டது. பக்கத்திலிருந்த சிமெண்டுமேல் ஒரு சொட்டு. அது அப்படியே வழிந்து கீழே ஓடியது. "ஈரம் வெளிய போக வழி இருந்துச்சு தம்பி, அத நீங்க அடைச்சிட்டீங்க. இப்ப கல்லு வழியா வருது" என்றார். நான்கு வருடத்தில் நான் கேட்ட எந்தக் கருத்தரங்கிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். பழைய செங்கல் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது; ஈரமும் உப்பும் அதன் வழியாக வெளியேறும், தேய்ந்தால் சாந்துதான் தேயும், செங்கல் பிழைக்கும். சிமெண்டு கடினம், எளிதில் ஈரத்தை விடாது. உள்ளே மாட்டிய நீர் செங்கல் வழியாக வரும்போது உப்பையும் இழுத்து வந்து, அது படிகமாகும் இடத்தில் கல்லை உடைக்கும். இன்றைய சிமெண்டின் முன்னோடியான போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். அதற்கு முன்பு எழுந்த சுவருக்கு அந்தச் சாந்தோடு பழக்கமே கிடையாது.

பொறியாளர்கள் யாராவது கோபித்துக்கொள்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சிமெண்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. புதிய வீட்டுக்கு அதுதான் சரி. பழசு என்றாலே சுண்ணாம்பு என்றும் சொல்லவில்லை. மண் சாந்தில் கட்டியவையும் உண்டு. எந்தச் சாந்து என்று பார்க்காமல் கை வைத்தது என் தவறு, அவ்வளவுதான்.

சரிசெய்தது பெரிய பாடு. சின்ன உளியால் சிமெண்டைத் தட்டித் தட்டி எடுக்க வேண்டும்; ஒரு முழ நீளத்துக்கு அரை நாள் போய்விடும். பிறகு சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகவே கூடாது. நீற்றி, மணல் சேர்த்துச் சுவரில் வைத்த பிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறும். அவசரமாகக் காய்ந்தால் பொடிந்துவிடும் என்பதால் ஈரச்சாக்கு தொங்கவிட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நனைக்கிற வேலை எனக்கு. அதற்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை.

இன்னொன்று கேளுங்கள். சுவர் ஏன் ஈரமானது என்று அதுவரை நாங்கள் யாரும் கேட்கவே இல்லை. வெளியே தோட்ட மண் வருடா வருடம் ஏறி, உள்தரையைவிட உயரமாகச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மேலே மழைநீர்க் குழாய் ஓரிடத்தில் விட்டுப்போய் நேராக அந்த மண்ணில் கொட்டியது. மண்வெட்டியோடு ஆறு பேர் இரண்டு நாள் வேலை செய்து மண்ணை இறக்கினோம், குழாயைச் சேர்த்தோம். சுவர் காய ஆரம்பித்தது. உங்களுக்கு என்ன வேலை இருக்கும் என்று கேட்டீர்களே, இதுதான். மழை பெய்யும்போது குடையோடு போய்த் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பழைய புகைப்படம் கேட்டு வாங்குங்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது பழைய நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம்; அந்தப் படங்கள் இல்லாவிட்டால் எல்லாமே ஊகம்தான்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், மனசு கேட்கவில்லை. கட்டடத்தைத் திரும்பத் திறந்த அன்று மேடையில் ஒன்பது நாற்காலி. அதில் ஏழு பேர் அன்றைக்குத்தான் அந்தச் சுவரை முதன்முதலாகப் பார்த்தார்கள். கொத்தனார் கடைசி வரிசைக்கும் பின்னால், படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கல்வெட்டில் எங்கள் பெயரெல்லாம் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, "கூலி கொடுத்தாச்சே" என்று பதில் வந்தது. சண்டை போட்டேன். இன்று வரை சேர்க்கவில்லை. நீங்கள் சேரும் குழுவில் இது நடந்தால் தயவுசெய்து சும்மா இருக்காதீர்கள்.

நான் அடைத்த சிமெண்டில் ஒரு பகுதி இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. பெயர்த்தால் செங்கல்லும் கூடவே வந்துவிடும், விட்டுவிடுங்கள் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் பிறகு போய் அளந்து, தேதி எழுதிவிட்டு வருகிறேன்.