கொள்ளையடிக்காத கொள்ளையர்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை கடற்கொள்ளையர் படங்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்பவன் படத்தொகுப்பு மேசையில் காலம் கழித்தவன் என்பதால், கதையை விட்டுவிட்டு ஒட்டுவேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: ஜாக் ஸ்பாரோவைத் தவிர வேறு கடற்கொள்ளையரை நான் திரையில் பார்த்ததே இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ப: 1935-ல் வந்த ‘கேப்டன் ப்ளட்’. மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கியது. எரால் ஃப்ளின் அப்போது யாருக்கும் தெரியாத பையன். படம் முடிவதற்குள் நட்சத்திரமாகிவிடுகிறார், அதை நம் கண்ணெதிரிலேயே பார்க்கலாம். கடற்கரையில் அவரும் பேஸில் ராத்போனும் போடும் கத்திச் சண்டையைக் கவனியுங்கள். நிஜத்தில் வாள் வீச்சைக் கரைத்துக் குடித்தவர் ராத்போன்தான். ஆனால் வில்லன் வேஷமாயிற்றே, தோற்றுத்தானே ஆக வேண்டும்! வியன்னாவிலிருந்து வந்த கோர்ன்கோல்டு இசையமைத்திருக்கிறார். நேரம் போதாமல் பழைய இசைமேதை லிஸ்ட்டின் இசையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார். அதனால் ‘இசை’ என்று தன் பெயரைப் போடவிடாமல், ‘இசை ஒழுங்கமைப்பு’ என்று மட்டும் போடச் சொன்ன நாணயஸ்தர்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களில் இது வரும். ஹாலிவுட்டின் பெரிய கடற்கொள்ளையர் படங்களில் நாயகன் உண்மையில் கொள்ளைக்காரனே கிடையாது. ப்ளட் ஒரு டாக்டர், அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர். 1940-ன் ‘தி சீ ஹாக்’ படத்தில் ஃப்ளின் எலிசபெத் மகாராணியின் விசுவாசி, ஸ்பெயின் கப்பல்களை மட்டும்தான் மடக்குவார். 1926-ன் ‘தி ப்ளாக் பைரேட்’ நாயகன் அப்பாவின் சாவுக்குப் பழிவாங்க வேஷம் போட்டுக் கொள்ளையரோடு சேரும் பிரபு. இவர்கள் யாரும் ஒரு ஏழை வணிகனின் மூட்டையைக்கூடத் தொடமாட்டார்கள். அதிகம் பேசப்படாத நல்ல படங்கள் எல்லாம், கொள்ளைக்காரனைக் கொள்ளைக்காரனாகவே காட்டத் துணிந்தவை.

கே: ‘ஆயிரத்தில் ஒருவன்’ கதையும் ‘கேப்டன் ப்ளட்’டும் ஒன்றுதானே?

ப: ஒன்றேதான். 1685-ல் இங்கிலாந்து மன்னருக்கு எதிராக நடந்த மான்மத் கலகத்தில் அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்த்ததற்காக பீட்டர் ப்ளட் கைதாகி, ஜமைக்காவில் அடிமையாக ஏலம் போகிறான். பண்ணை முதலாளி வீட்டுப் பெண் அவனை 10 பவுனுக்கு வாங்குகிறாள். 1965-ல் பந்துலு எடுத்த படத்தில் மணிமாறனும் வைத்தியர், அவர் செய்த குற்றமும் அதே வைத்தியம்தான். எம்.ஜி.ஆருக்கு இதைவிடப் பொருத்தமான கொள்ளைக்காரன் வேஷம் கிடைத்திருக்காது. கொள்ளையடிக்கவே வேண்டாத கொள்ளைக்காரன்! நிஜக் கொள்ளைத்தனத்தை எல்லாம் வில்லன்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ‘அதோ அந்தப் பறவை போல’ மாதிரிக் கப்பலில் வைத்து ஒரு பாட்டு ஹாலிவுட்டிடம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கே: மௌனப் படம் பார்க்கப் பொறுமை கிடையாது. ‘தி ப்ளாக் பைரேட்’டை எதற்குப் பார்க்க வேண்டும்?

ப: ஒரு காட்சிக்காக. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் பாய்மரத்தின் உச்சியில் கத்தியைக் குத்தி, பாயைக் கிழித்துக்கொண்டே சர்ரென்று கீழே இறங்குவார். பாயைச் சாய்வாகக் கட்டி, கேமராவையும் அதற்கேற்பச் சாய்த்து வைத்து, கண்ணில் படாத எதிர்எடையின் உதவியோடு எடுத்தது. தந்திரம் தெரிந்த பிறகும் மனம் நம்பத்தான் செய்கிறது.

இன்னொரு காரணம் வண்ணம். சிவப்பு, பச்சை என்று இரண்டே வண்ணங்களை வைத்து எடுத்த அந்தக் கால டெக்னிக்கலர். அசல் நீலம் அதில் வராது. ஆகவே கடல் பழைய எண்ணெய் ஓவியம்போல மங்கிய பச்சையில் கிடக்கும். பிரதி போடுவதற்கு இரண்டு மெல்லிய பிலிம்களை முதுகோடு முதுகு ஒட்டினார்கள். புரொஜெக்டர் சூட்டில் அது குழிந்துகொள்ளும், ஃபோகஸ் போய்விடும். அந்தப் படத்தை ஓட்டிய ஆபரேட்டர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குக் கை வலிக்கிறது.

கே: பழைய படங்களில் கடல் சண்டை வந்தால் கப்பல் பொம்மை என்று உடனே தெரிந்துவிடுகிறதே, ஏன்?

ப: காட்டிக்கொடுப்பது தண்ணீர். கப்பலைச் சின்னதாகச் செய்யலாம், பீரங்கியைச் சின்னதாகச் செய்யலாம், தண்ணீர்த் துளியைச் சின்னதாக்க முடியாது. பொம்மைக் கப்பலின் மேல் தெறிக்கும் ஒரு துளி, அந்தக் கப்பலின் அளவுக்குப் பார்த்தால் பூசணிக்காய் சைஸில் இருக்கும்.

அலையின் வேகத்தையாவது ஏமாற்றலாம். அதற்குக் கணக்கு இருக்கிறது. கப்பலை 16-ல் ஒரு பங்காகச் செய்தால், 16-ன் வர்க்கமூலம் 4 அல்லவா, கேமராவை 4 மடங்கு வேகமாக ஓட்ட வேண்டும். நொடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 96. திரையில் அலை கனத்து, சோம்பலாகப் புரளும். அப்போதும் துளி துளிதான். அதனால்தான் ‘தி சீ ஹாக்’ படத்துக்கு வார்னர் கம்பெனி ஒரு தளத்துக்குள்ளேயே தண்ணீரைத் தேக்கி முழு அளவுக் கப்பல்களைக் கட்டியது. அவ்வளவு செலவுக்கு வழி இல்லாதவர்கள் பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டினார்கள். ‘கேப்டன் ப்ளட்’டிலேயே 1924-ன் மௌன ‘சீ ஹாக்’ படத்துத் துண்டுகள் இருக்கின்றன. சண்டை நடுவில் படம் திடீரென்று கரகரவென்று மாறினால், பாட்டன் படத்திலிருந்து பேரன் படத்துக்குக் கப்பல் தாவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எல்லாக் கொள்ளையரும் ‘ஆர்ர்ர்’ என்று உறுமுகிறார்களே, நிஜமாகவே அப்படித்தான் பேசினார்களா?

ப: அது ராபர்ட் நியூட்டன் என்ற ஒரே நடிகர் கொடுத்துவிட்டுப் போனது. 1950-ல் டிஸ்னி முதன்முதலாக முழுக்க முழுக்க மனித நடிகர்களை வைத்து எடுத்த படம் ‘ட்ரெஷர் ஐலண்ட்’. கொள்ளையன் லாங் ஜான் சில்வராக வந்த நியூட்டன் இங்கிலாந்தின் டார்செட்காரர். சொந்த மண்ணின் மேற்கத்திப் பேச்சை இன்னும் இழுத்து, கண்ணை உருட்டி, ‘ஆர்ர்’ போட்டார். 1952-ல் அவரையே ப்ளாக்பியர்டு என்ற இன்னொரு கொள்ளையன் ஆக்கினார்கள், இன்னும் அதிகமாக உறுமினார். அதற்குப் பிறகு குழந்தைகள் விளையாட்டுவரை எல்லோரும் நியூட்டன்தான். தனிப்பட்ட முறையில் எனக்குப் பிடித்த சில்வர், 1990-ல் தொலைக்காட்சிக்காக எடுத்ததில் வரும் சார்ல்டன் ஹெஸ்டன். குறும்பு குறைவு, பயம் அதிகம். ஜிம்மாக வரும் பையன் யார் என்று பாருங்கள், கிறிஸ்டியன் பேல். கண் தெரியாத பியூ வேஷத்தில் கிறிஸ்டோபர் லீ வருகிறார். சின்ன வேஷம்தான், ராத்திரி தூக்கம் போய்விடும்.

கே: பெண் கேப்டன் வருகிற படம் ஏதாவது? ‘கட்த்ரோட் ஐலண்ட்’ பார்த்துவிட்டேன், தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.

ப: 1995-ல் அந்தப் படம் போட்ட போடில் தயாரித்த கரோல்கோ கம்பெனியே திவாலானது. ஆனாலும் ஜான் டெப்னியின் இசையைக் குறை சொல்லமாட்டேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது 1951-ன் ‘ஆன் ஆஃப் த இண்டீஸ்’. ஜாக் டூர்னர் இயக்கியது, ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. ஜீன் பீட்டர்ஸ் கேப்டன் ஆன் ப்ராவிடன்ஸாக வருகிறார். தொடக்கத்திலேயே பிடிபட்ட ஆங்கில மாலுமிகளைப் பலகை மேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுகிறாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பிறகு வரும் பிரெஞ்சுக்காரனை (லூயி ஜோர்டான்) நம்புகிறாள். அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள் என்று தெரிந்ததும், கணவன் மனைவி இருவரையும் ஒரு மணல் திட்டில் சாகட்டும் என்று இறக்கிவிட்டுப் போய்விடுகிறாள். இன்றைய படமாக இருந்தால், சின்ன வயதில் அவளுக்கு நேர்ந்த கொடுமை என்று பத்து நிமிட ஃப்ளாஷ்பேக் போட்டு அவளை வெள்ளையடித்திருப்பார்கள். டூர்னர் அதைச் செய்யவில்லை. முடிவில் அவள் மனம் மாறும்போதும், செய்ததற்கு விலை கொடுத்துத்தான் தீர்க்கிறாள். எப்படி என்று சொன்னால் உங்களுக்குப் படம் பாழ்.

கே: யாரும் பார்த்திராத ஒரே ஒரு படம் சொல்லுங்கள் என்றால்?

ப: ‘எ ஹை விண்ட் இன் ஜமைக்கா’, 1965. ரிச்சர்ட் ஹியூஸின் நாவல். இயக்கியவர் அலெக்சாண்டர் மெக்கண்ட்ரிக். ஆண்டனி க்வின் கொள்ளையர் தலைவன் சாவேஸ், ஜேம்ஸ் கோபர்ன் அவனுடைய துணை.

ஜமைக்காவில் புயலடித்து வீடு போனதும், பிள்ளைகளை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுகிறார்கள். நடுவழியில் கொள்ளையர் அந்தக் கப்பலைப் பிடிக்கிறார்கள். யாரும் திட்டமிடாமலே பிள்ளைகள் கொள்ளையர் கப்பலில் தங்கிவிடுகிறார்கள். வழக்கமான படமாக இருந்தால் இங்கிருந்து முரட்டு மனங்கள் இளகும், பாட்டு வரும். இதில் நடப்பது வேறு. பயப்படுகிறவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் அந்தத் தளத்தை விளையாட்டு மைதானமாக்கிவிடுகிறார்கள், அவர்களுக்கு எது நடந்தாலும் விளையாட்டு. மூடநம்பிக்கை பிடித்த மாலுமிகளுக்கு ஒவ்வொன்றும் அபசகுனமாகப் படுகிறது.

எமிலி என்ற சிறுமிக்குக் காயம், காய்ச்சல். அவள் படுத்திருக்கும் அறைக்குள், கட்டிப்போட்ட டச்சுக் கேப்டன் ஒருவன் கிடக்கிறான். கயிற்றை அறுக்கச் சொல்லித்தான் கத்தியைக் காட்டிக் கெஞ்சுகிறான். பாஷை புரியாத அவளுக்கு அவன் தன்னைக் கொல்ல வருவதாகத் தோன்றுகிறது. குத்திவிடுகிறாள். பின்னால் லண்டன் நீதிமன்றத்தில் அவள் குழறிச் சொல்லும் வார்த்தைகளை வைத்து, அந்தக் கொலை சாவேஸின் கழுத்தில் விழுகிறது. செய்யாத குற்றத்துக்குச் சாக மாட்டேன் என்று துணைவன் புலம்பும்போது, நீ எதையாவது செய்துதான் இருப்பாய் என்று சாவேஸ் சிரிக்கிறான். ‘கேப்டன் ப்ளட்’ வகையறா முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த நிரபராதிக் கதைக்கு இந்தச் சிரிப்புதான் சரியான பதில். க்வின் நடித்ததில் எனக்கு இதுதான் முதலிடம், ‘ஜோர்பா’ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

கே: கப்பலே வராத கடற்கொள்ளையர் படம் உண்டு என்கிறார்களே?

ப: கிட்டத்தட்ட உண்டு. ஹேமர் கம்பெனியின் ‘தி பைரேட்ஸ் ஆஃப் ப்ளட் ரிவர்’, 1962. பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை, ஆகவே கொள்ளையர் பெரும்பாலும் காட்டிலும் சேற்றிலும் நடக்கிறார்கள். ஒற்றைக்கண் கிறிஸ்டோபர் லீ இல்லாவிட்டால் படுத்திருக்கும். அதைவிட 1964-ன் ‘தி டெவில்-ஷிப் பைரேட்ஸ்’ மேல். 1588-ல் இங்கிலாந்தைத் தாக்க வந்த ‘ஆர்மடா’ என்ற ஸ்பெயின் கப்பற்படை தோற்றதும், அதிலிருந்து ஓடும் கப்பல் ஒன்று இங்கிலாந்துக் கிராமத்தில் ஒதுங்குகிறது. செய்தி எட்டாத ஊர். ‘போரில் நாங்கள்தான் ஜெயித்தோம், இனி நீங்கள் எங்கள் அடிமை’ என்று கூசாமல் சொல்லி உட்கார்ந்துகொள்கிறார்கள். இந்த ஒற்றை வரிக்கே டிக்கெட் வாங்கலாம்.

கே: போலன்ஸ்கியின் ‘பைரேட்ஸ்’?

ப: 1986. கப்பலுக்கு முழு மதிப்பெண், கதைக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கே: கரீபியனையே சுற்றுகிறார்களே, இந்தியப் பெருங்கடலில் கொள்ளையர் இல்லையா?

ப: இல்லாமலென்ன! 1695-ல் ஹென்றி எவரி, ஔரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலை மடக்கியதுதான் அந்தக் காலத்தின் ஆகப் பெரிய கொள்ளைகளில் ஒன்று. மெக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல். பயணிகளுக்கு நடந்த கொடுமை சொல்லி மாளாது. கிழக்கிந்தியக் கம்பெனியே ஆடிப்போனது. 1952-ன் ‘அகெய்ன்ஸ்ட் ஆல் ஃப்ளாக்ஸ்’ படம் மடகாஸ்கரையும் ஒரு மொகலாய இளவரசியையும் வைத்துக்கொண்டு இதை லேசாகத் தொட்டுப் பார்த்தது. எரால் ஃப்ளின் அதில் களைத்துத் தெரிவார், மொரீன் ஓஹாரா கத்தி வீசி ஈடுகட்டுவார். அந்தச் சம்பவத்துக்கு நியாயம் செய்யும் படம் எனக்குத் தெரிந்து இல்லை. எடுக்கிறவர்கள் எவரியை நாயகனாக்கிவிடாமல் இருந்தால் சரி.

கே: சோமாலியக் கொள்ளையர் பற்றி ‘கேப்டன் ஃபிலிப்ஸ்’ போதுமா?

ப: டாம் ஹாங்க்ஸும் பர்கத் அப்தியும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளுக்கு அதைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2012-ல் வந்த டேனிஷ் படம் ‘எ ஹைஜாக்கிங்’ என்னை அதிகம் உலுக்கியது. டோபியாஸ் லிண்ட்ஹோம் இயக்கம். இதில் கப்பலைக் கடத்தும் காட்சியே கிடையாது! வெட்டிவிட்டார். ஒரு தொகுப்பாளனாகச் சொல்கிறேன், அதற்குத் துணிச்சல் வேண்டும். படம் முழுக்க பேரம்தான். கொள்ளையர் 15 மில்லியன் டாலர் கேட்கிறார்கள், கம்பெனித் தலைவர் கால் மில்லியனில் ஆரம்பிக்கிறார். கோட்டு சூட்டு போட்டவர்கள் பலகையில் எண்களை எழுதி அழிக்கிறார்கள். அங்கே கப்பலில் சமையற்காரன் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறான். நடுவே பேசும் ஒமர், நான் கொள்ளைக்காரன் இல்லை, மொழிபெயர்க்க வந்தவன் என்று ரோஷப்படுகிறான். பேச்சுவார்த்தை நிபுணராக நடித்தவருக்கு நிஜத்திலும் அதுதான் தொழில்.

கொள்ளையர் பக்கத்திலிருந்து பார்க்க, 2014-ன் ‘ஃபிஷிங் வித்அவுட் நெட்ஸ்’. மீனவன் ஒருவன் இதில் எப்படிச் சிக்குகிறான் என்பது கதை. அவனை நல்லவனாக்க மெனக்கெடவும் இல்லை, அரக்கனாக்கவும் இல்லை.

கே: பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒன்று?

ப: ‘தி கிரிம்சன் பைரேட்’, 1952. பர்ட் லங்காஸ்டர் சினிமாவுக்கு வருமுன் சர்க்கஸில் பல்டி அடித்தவர். கூடவே ஊமையாக வரும் நிக் க்ராவட் அதே சர்க்கஸின் கூட்டாளி. கவிழ்த்த படகைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றை வைத்துக் கடலடியில் நடப்பார்கள். ஜாக் ஸ்பாரோ செய்ததற்கு அரை நூற்றாண்டு முன்னால்! கடைசியில் பலூன்வரை வந்துவிடும், லாஜிக் கேட்கக் கூடாது. இன்னும் சின்னப் பிள்ளைகள் என்றால் 1996-ன் ‘மப்பெட் ட்ரெஷர் ஐலண்ட்’, டிம் கரியின் சில்வருக்காக நீங்களும் சேர்ந்து பார்க்கலாம். மேலே சொன்ன ஜமைக்காப் படத்தில் நிறையப் பிள்ளைகள் வருகிறார்களே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். அது பிள்ளைகள் தூங்கின பிறகு பார்க்க வேண்டியது.