நான்கடி மரமும் மாமியாரின் குடிலும்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். ஏழு வயது மகன் கேட்டானே என்று சென்ற ஆண்டு ஆறடி பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை வாங்கினோம். அது கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. மின்விசிறியைப் போட்டால் தொங்கவிட்டவை எல்லாம் விழுந்தன. சீரியல் செட்டில் மூன்றாம் நாளே பாதி அணைந்துபோனது. எவ்வளவு மாட்டினாலும் மரம் வெறுமையாகவே தெரிந்தது. ‘குடில் வைப்பதுதான் நம் வழக்கம், மரம் எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்’ என்று மாமியார் வேறு வருத்தப்படுகிறார். இந்த ஆண்டு உயிருள்ள மரம் வாங்கலாமா? எப்படி அலங்கரிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புதிதாக மரம் எதுவும் வாங்க வேண்டாம். பரணில் இருக்கும் பழைய பெட்டியையே இறக்குங்கள். ஆறடி பிளாஸ்டிக் மரங்கள் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகும் இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகத்தான் வருகின்றன. அவற்றுள் இடத்தை அடைப்பது அகலமான அடித்துண்டு. அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, மேலே உள்ள பகுதியின் தண்டை ஒரு கனமான மண்தொட்டியில் நிறுத்தி, சுற்றிலும் உடைந்த செங்கல்லும் மணலும் இட்டு இறுக்கிவிட்டால், ஏறக்குறைய நான்கடி உயரத்தில், ஒரு மூலைக்குள் அடங்குகிற மரம் உங்களுக்குக் கிடைத்துவிடும். தொட்டியைத் தரையிலேயே வையுங்கள். முக்காலியின்மேல் வைத்தால் உயரம் எடுப்பாகத் தெரியும் என்று தோன்றும். ஆனால் ஏழு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அது விழுவதற்கு வெகுநேரம் ஆகாது.

உயிருள்ள மரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நாற்றுப்பண்ணைகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று தொட்டியில் வைத்து விற்கப்படுவது பெரும்பாலும் அரோகேரியா என்னும் செடி. ஐரோப்பியர்கள் வீட்டில் வைக்கும் ஊசியிலை மரங்களுக்கு அது தூரத்து உறவுதான். அதன் ஒரு வகைக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே உள்ள நார்ஃபோக் தீவு. கிளைகள் நட்சத்திரம்போல அடுக்கடுக்காக விரிவதால், ஒன்றும் மாட்டாமலேயே அது அழகாக இருக்கும். மாட்டினாலோ கிளைகள் துவண்டு தொங்கிவிடும். உச்சிக் குருத்தில் நட்சத்திரத்தைக் கட்டி அது முறிந்துவிட்டால், பழைய வடிவம் மீண்டும் வராது. மதுரையின் சித்திரை வெயிலில் நேராக நின்றால் இலைகள் கருகும் என்பதால், காலை வெளிச்சம் மட்டும் விழுகிற தாழ்வாரமோ பால்கனியோ அதற்குத் தேவை. சொந்த வீடு கட்டிய பிறகு, ஆண்டு முழுவதும் வளர்க்கும் எண்ணத்தோடு வாங்குங்கள். பத்து நாள் அலங்காரத்திற்காக வாங்காதீர்கள்.

சவுக்குக் கிளையையும் நினைத்திருப்பீர்கள். என் சிறுவயதில் அப்பா மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வந்த சவுக்குக் கிளையை, மண்ணெண்ணெய் டின்னில் ஈரமணல் நிரப்பி நட்டுத்தான் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நடந்தது. சவுக்கில் நாம் இலை என்று நினைக்கும் பச்சை இழை உண்மையில் கணுக்கணுவாக அமைந்த மெல்லிய குச்சி. இலைகள் அந்தக் கணுவைச் சுற்றிச் செதில்போல ஒட்டியிருக்கும். ஒரு கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடியும் செருகிவைத்து, ‘எங்கே பிரித்தேன், சொல்’ என்று நாங்கள் விளையாடுவோம். உங்கள் மகனுக்கும் அதைக் காட்டுங்கள். ஆனால் வெட்டிய சவுக்கு நான்கைந்து நாளில் உலர்ந்து உதிரத் தொடங்கும். அதை விறகுக்கு வளர்ப்பதே நன்றாக எரியும் என்பதால்தான். அதன்மேல் வீட்டு மின்சாரத்தில் ஓடும் சீரியல் செட்டைச் சுற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இனி அலங்காரத்துக்கு வருகிறேன். மரம் வெறுமையாகத் தெரிந்ததற்குக் காரணம் பொருள் போதாமை அன்று. பெட்டியில் அழுந்திக் கிடந்த கிளைகளை நீங்கள் முழுவதுமாக விரித்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு கிளையிலும் உள்ள சிறு கம்பிகளை, தண்டுக்கு அருகில் தொடங்கி நுனிவரை, ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் இன்னொன்றை மேலேயும் வளைத்துக்கொண்டே வர வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஒரு மணி நேரமாவது ஆகும், சலிப்பாகவும் இருக்கும். ஆனால் தண்டின் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை வேறு எதையும் மரத்தின் அருகே கொண்டுவராதீர்கள்.

அடுத்து விளக்கு. பெரும்பாலோர் பொம்மைகளையும் பந்துகளையும் மாட்டி முடித்த பிறகு, சேலை சுற்றுவதுபோல விளக்குச் சரத்தை மரத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். அப்போது வெளிச்சம் மேலோட்டமாக நின்றுவிடுகிறது, உள்ளே இருட்டாகிவிடுகிறது. சரத்தை அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கிளையிலும் தண்டுவரை உள்ளே கொண்டுபோய், மறுபடி நுனிவரை வெளியே கொண்டுவந்து, அடுத்த கிளைக்குச் செல்லுங்கள். உள்ளிருந்து வரும் ஒளியில்தான் மரம் நிறைந்து தெரியும். ஒரே நிறத்தில், மின்னாமல் நின்று எரிகிற மஞ்சள் வெளிச்சத்தையே நான் விரும்புகிறேன். எட்டு விதமாக மின்னுகிற சரம் கடைவாசலுக்குத்தான் பொருந்தும்.

உங்கள் சீரியல் செட்டில் பாதி மட்டும் அணைந்ததற்கு விளக்கம் எளிது. நீண்ட சரத்தில் விளக்குகள் சில குழுக்களாகத் தொடர் இணைப்பில் இருக்கும். ஒரு குழுவில் ஒரு விளக்கு தளர்ந்தாலோ பழுதானாலோ அந்தக் குழு முழுவதும் அணைந்துவிடும். அதைத் தேடி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் வேலையை மின்சாரம் ஓடும்போது செய்யவே கூடாது. விளக்கு கழன்ற துளையில் பையன் விரல் வைத்தால் ஆபத்து. பழுதான சரத்தை ஒதுக்கிவிட்டு, கைப்பேசி சார்ஜரில் செருகும் ஐந்து வோல்ட் யுஎஸ்பி விளக்குச் சரம் இரண்டு வாங்குங்கள். நான்கடி மரத்துக்குப் பத்துப் பத்து மீட்டர் போதும். தூங்கப் போகும்முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மெழுகுவத்தியும் அகலும் மரத்தின் பக்கமே வேண்டாம். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் மரக்கிளைகளிலேயே மெழுகுவத்தி ஏற்றினார்கள் என்பது உண்மைதான். 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்ட பிறகுதான் அந்தத் தீ அச்சத்துக்கு ஒரு மாற்று வந்தது.

பொருள்கள் விழுவதைத் தடுப்பதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு. பிளாஸ்டிக் மரத்தின் கிளைநுனி கம்பிதானே. பந்தின் நூல் வளையத்தை நுனியில் கோத்து, அந்த நுனியையே பின்னோக்கி மடக்கி ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால், மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றினாலும் கழலாது. டிசம்பரிலும் பகலில் மின்விசிறி வேண்டியிருக்கிற ஊரில் இது முக்கியம். பெரிய பந்துகளைத் தண்டுக்கு அருகில் உள்ளேயும், சிறியவற்றை நுனியிலும் மாட்டுங்கள். பஞ்சைப் பிய்த்துப் பனிபோல ஒட்டுவதை விட்டுவிடுங்கள். தூசி பிடிக்கும், எளிதில் தீப்பற்றும், மதுரையில் பனி பெய்ததாக ஒருவரும் நம்பப்போவதும் இல்லை. அதற்குப் பதிலாக, பழைய சுங்குடிச் சேலை ஒன்று வீட்டில் இருக்குமே, கருஞ்சிவப்பாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால் இன்னும் நல்லது, அதை மடித்துத் தொட்டியைச் சுற்றிப் பரப்புங்கள். முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த அந்த வெள்ளைப் புள்ளிகள் விளக்கொளியில் விண்மீன்கள்போலத் தெரியும். ஜரிகைக் கரையும் சிறு மணிகளும் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் கிடைக்கும். பனையோலை நட்சத்திரம் முடையத் தெரிந்த பாட்டி யாரேனும் உறவில் இருந்தால், உங்கள் மகனை ஒரு பிற்பகல் அவரிடம் அனுப்புங்கள்.

இனி உங்கள் மாமியார். அவர் சொல்வது பாதி சரி. மரம் ஜெர்மானியர் வழக்கம். 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகே இங்கிலாந்தின் சாதாரண வீடுகளிலும் அது வேகமாகப் பரவியது. ஆனால் குடிலும் வெளியிலிருந்து வந்ததுதான்: புனித பிரான்சிஸ் அசிசி 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் தொடங்கிவைத்தது. வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தில் 1982இல், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் காலத்தில், மரமும் நிறுத்தப்பட்டது என்பதை நீங்கள் சொல்லாமல், பங்குத்தந்தை பேச்சுவாக்கில் சொல்லும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மருமகள் சொன்னால் அது வாதமாகிவிடும்.

அதைவிட நல்ல வழி, இந்த ஆண்டு அவரையும் பேரனையும் விளாச்சேரிக்கு அழைத்துச் செல்வது. கொலு பொம்மைக்குப் பெயர்போன திருப்பரங்குன்றத்துப் பக்கத்து அந்த ஊரில், குயவர்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்கான சுரூபங்களையும் செய்கிறார்கள். மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று அரசர்கள், ஆடு, மாடு என்று முழுத் தொகுதியாகவே வாங்கலாம். எதை எங்கே வைப்பது என்பதை மாமியாரே முடிவு செய்யட்டும். மரத்தின் அடியில், சுங்குடியின்மேல், ஓர் அடி அகலத்தை அவருக்கென்று விட்டுவிடுங்கள்; மரத்தின் கீழ்க்கிளைகளில் அந்தப் பக்கம் மட்டும் எதையும் மாட்டாமல் இருந்தால் குடிலின் கூரைக்கு இடம் கிடைக்கும். பாலன் இயேசுவின் சுரூபம் மட்டும் 24ஆம் தேதி நள்ளிரவுவரை மாமியாருடைய பீரோவிலேயே இருக்கட்டும்.

ஜனவரியில், மூன்று அரசர்கள் பாலனைக் காண வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா முடிந்ததும் மரத்தைப் பிரித்து வையுங்கள். விளக்குச் சரத்தை அப்படியே உருட்டிப் பைக்குள் திணிக்காமல், ஓர் அட்டையில் வரிசையாகச் சுற்றி, நுனியை ரப்பர் வளையத்தால் கட்டி வையுங்கள். சுரூபங்களைப் பழைய செய்தித்தாளில் தனித்தனியாகப் பொதியுங்கள். சேலையைத் துவைத்து வையுங்கள்.