ஓபிஎஸ்ஸில் கிரிட்டா கறுப்பாகத் தெரிந்தால்

திரையைப் பதிவுசெய்யும் மென்பொருளான ஓபிஎஸ்ஸை இன்டெல் கிராபிக்ஸுக்கு மாற்றுங்கள், ‘டிஸ்ப்ளே கேப்சர்’ (முழுத் திரையையும் பிடிப்பது) கறுப்பாக இருப்பது பெரும்பாலும் அதிலேயே தீரும். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைவதைப் பாடமாகப் பதிவுசெய்யும்போது குரல் பதிவாகிறது, படம் மட்டும் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்களுடையது இன்டெல், என்விடியா என இரண்டு கிராபிக்ஸ் சிப்களும் உள்ள விண்டோஸ் 11 லேப்டாப். திரை இன்டெல்லில் ஓட, ஓபிஎஸ் என்விடியாவில் ஓடினால் இப்படித்தான் ஆகும்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்: ஓபிஎஸ்ஸில் ஹெல்ப் > லாக் ஃபைல்ஸ் > வியூ கரன்ட் லாக். ‘லோடிங் அப் டி3டி11 ஆன் அடாப்டர்’ என்ற வரியில் என்விடியா பெயர் இருந்தால் காரணம் இதுதான்.

1. விண்டோஸ் செட்டிங்ஸ் > சிஸ்டம் > டிஸ்ப்ளே > கிராபிக்ஸ்.
2. பட்டியலில் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து ‘பவர் சேவிங்’ (அதாவது இன்டெல்) கொடுங்கள்.
3. ஓபிஎஸ்ஸை முழுதாக மூடித் திறங்கள். மினிமைஸ் செய்தால் போதாது.

‘விண்டோ கேப்சர்’ (கிரிட்டா விண்டோவை மட்டும் பிடிப்பது) போட்டாலும் படம் வரும். ஆனால் தனியாகத் திறக்கும் ஃபில்டர் பெட்டிகளும் மெனுக்களும் விட்டுப்போகலாம். பாடம் எடுப்பவருக்கு அவைதானே முக்கியம்!

ஒன்று கவனம்: வெளியே செருகும் பென் டிஸ்ப்ளேயில் (பேனாவால் நேரே திரைமேல் வரையும் கருவி) வரைகிறீர்களா? சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ போர்ட் நேரே என்விடியாவோடு இணைந்திருக்கும். அப்போது ‘ஹை பெர்ஃபாமன்ஸ்’தான் கொடுக்க வேண்டும்.