ஸ்டீம் டெக்கில் லேப்டாப் எஸ்எஸ்டியைப் போட முடியாதா?

பெரும்பாலும் முடியாது. ஸ்டீம் டெக் என்பது கையில் பிடித்து விளையாடும் கேம் கணினி. எஸ்எஸ்டி என்பது கேம்களைச் சேமித்து வைக்கும் கிடங்கு. ஸ்டீம் டெக்கில் இருப்பது 2230 வகை: 22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம், ஏறக்குறைய ஒரு தபால்தலை. லேப்டாப்களில் அதிகம் வருவது 2280, நீளம் 80 மி.மீ. பேட்டரியும் மின்விசிறியும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள் அதற்கு இடமில்லை. ஒற்றைக் கட்டிலுக்கு இரட்டைக் கட்டில் மெத்தை வாங்கிய கதைதான்.

கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினால், வெறும் எஸ்எஸ்டி என்று கேட்காமல் ‘2230 என்விஎம்இ’ (என்விஎம்இ என்பது வேகமான எஸ்எஸ்டி வகை) என்றே கேளுங்கள். அப்புறம், பின்மூடியைக் கழற்றும் முன் மெமரி கார்டை உருவிவிடுங்கள். மறந்தால் மூடியோடு கார்டும் உடைந்துவிடலாம்.

அதிகக் கொள்ளளவுள்ள எஸ்எஸ்டி போட்டால் கேம் வேகமாக ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடுவது இடம்தான், ஓட்டத்தைத் தீர்மானிப்பது பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும்.