ரத்தம் நின்னுட்டா பொட்டை நாய்க்கு ஹீட், அதாவது இணைசேர்ற பருவம், முடிஞ்சுதுன்னு யாரு சொன்னது?

லேப்ரடார் பொட்டை நாய், வயசு ஒண்ணு. ரத்தம் பத்து நாள்ல நின்னுருச்சு, இனிமே மொட்டை மாடில அவுத்து விடலாமா டாக்டர்?

விட்ராதீங்கம்மா. "தெரியாம மேட் ஆயிருச்சு சார்"னு வர்றவங்க நிறைய பேர் இந்த இடத்துலதான் கோட்டை விடுறாங்க. முதல் 9 நாள் போல ரத்தம் வரும், அப்ப ஆண் நாய் கிட்ட வந்தா இதுவே உறுமி விரட்டிரும், அதுக்கப்புறம் சிவப்பு வெளுத்து வைக்கோல் ஊறுன தண்ணி மாதிரி ஆகும் பாருங்க, அப்பதான் நெசமான ஆபத்து. வாலுக்கு மேல இடுப்புல லேசா சொறிஞ்சு பாருங்க, வாலை ஒரு பக்கமா ஒதுக்கிட்டு அப்படியே நின்னுச்சுன்னா ரெடியா இருக்குன்னு அர்த்தம். முதல் சொட்டு பாத்த அன்னிக்கே காலண்டர்ல ஒரு வட்டம் போட்டு அதுலேர்ந்து 21 நாள் எண்ணுங்க, நான் 4 வாரம்னே சொல்லுவேன்.

எங்க ராஜபாளையம் ஆண் நாய் ரெண்டு நாளா சாப்பிடல, ராத்திரி சுவர் ஏறிக் குதிச்சு ஓடிருது. என்ன பண்றது?

பக்கத்துல எங்கயோ ஒண்ணு ஹீட்ல இருக்கு தம்பி, வேற ஒண்ணுமில்ல. ஆனா வாந்தி காய்ச்சல் இருந்தா கூட்டிட்டு வாங்க. ஒரு வீட்டுல ஆறடி சுவர், அதை எப்படித் தாண்டுதுன்னு அவங்களுக்குப் புரியவே இல்ல, நான் போய் பாத்தா சுவரை ஒட்டி துவைக்கிற கல்லு, கல்லு மேல பூரா சேத்துக் கால்தடம்! அதை நகர்த்துனதோட ஓட்டம் நின்னுச்சு. நாள் பூரா சங்கிலில கட்டாதீங்க, கழுத்துதான் புண்ணாகும், ராத்திரி ரூமுக்குள்ள போட்டு கதவைச் சாத்துங்க. விதை எடுக்குற ஆபரேஷன் பண்ணாலும் மறுநாளே அடங்கிராது, சில வாரம் ஆகும், முதல் ஒரு மாசம் போல சினை பிடிக்க வைக்கவும் செய்யும்.

ஹீட்ல இருக்குற பொட்டைக்கு டயப்பர் மாட்டிட்டா போதும்ல? வால்ல விக்ஸ் தடவச் சொல்றாங்களே?

டயப்பர் உங்க டைல்ஸைக் காப்பாத்தும், நாயைக் காப்பாத்தாது. விக்ஸை நக்கி வயித்தக் கெடுத்துக்கும், வேணாம். வாக்கிங்கை கேட் வாசல்ல ஆரம்பிக்காதீங்க, அது போற மூத்திரமே தெரு பூரா தண்டோரா போட்ட மாதிரி. முடிஞ்சா வண்டில ஏத்தி தூரமா கூட்டிட்டுப் போய் பெல்ட்டைக் கையிலயே வச்சுக்கங்க.

ஒரே ஈத்துல பொறந்த அண்ணன் தங்கச்சி, ஒண்ணும் பண்ணாதுல்ல?

நாய்க்கு அண்ணனாவது தங்கச்சியாவது. ஒண்ணை நாலு வாரம் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிருங்க. நடுவுல கிரில் கேட்டு போதாது, கம்பி இடுக்குலயே காரியம் முடிஞ்சிரும்.

இணைசேரும்போது ரெண்டு நாயும் ஒட்டிக்கிச்சு சார், தண்ணி ஊத்தி பிரிக்கலாமா?

தண்ணியும் வேணாம் கம்பும் வேணாம், பிடிச்சு இழுத்தா ரெண்டுக்கும் உள்காயம். 10லேர்ந்து 30 நிமிஷத்துல தானா விலகிரும், அதுவரைக்கும் சுத்தி நிக்கிற பசங்களை விரட்டுங்க. மெடிக்கல்ல சொல்ற கலைப்பு ஊசிய நீங்களா வாங்கிப் போடாதீங்க, சில ஊசியால கர்ப்பப்பைல சீழ் வச்சு உயிருக்கே வந்துரும். குட்டி வேணாம்னா கர்ப்பத்தடை ஆபரேஷன்தான் நல்ல வழி, எப்ப பண்ணலாம்னு டாக்டர்கிட்ட பேசுங்க. சினைக்காலம் 63 நாள்தான், 25 நாள் தாண்டுனா ஸ்கேன்ல தெரியும், யோசிச்சுட்டே இருந்தா குட்டி வந்து நிக்கும்.