மண்தொட்டியில் வெள்ளைக் கறை: ஆசிட்டும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம்

கேள்வி: எங்கள் மாடித்தோட்டத்து மண்தொட்டிகளின் வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துவிட்டது. போர்வெல் தண்ணீரும் ஆர்.ஓ. கழிவுநீரும்தான் ஊற்றுகிறோம். தொட்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, ஆசிட்டில் கழுவிப் பெயின்ட் அடித்துத் தருவதாக நர்சரிக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: கொடுக்க வேண்டாம், தொட்டி கெட்டுப்போகவில்லை. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் தண்ணீர் ஆவியாகிவிட, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உர உப்பும் சுவரிலேயே தங்கிவிடுகின்றன.

காலித் தொட்டியை உலர்ந்த நிலையிலேயே தேங்காய் நாரால் தேய்த்து, உதிர்வதை உதிர்த்துவிடுங்கள். முதலிலேயே நனைத்தால் கரையும் உப்பு மறுபடி துளைக்குள் போய்விடும். பிறகு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். கறையின் மேல் பொடிப்பொடியாகக் குமிழி எழுந்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று பொருள். குமிழி அடங்கியதும் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, வெயிலில் காயவிடுங்கள். செடி உள்ள தொட்டியானால், அந்தக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கழிவறை ஆசிட் கறையை நொடியில் எடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது சுண்ணாம்பை, நீரில் எளிதில் கரையும் வேறொரு உப்பாக மாற்றித் துளைகளுக்குள் விட்டுவைக்கிறது. அதன் குளோரைடு வேருக்கும் ஆகாது. மேலே பெயின்ட் அடித்தால் சுவரின் மூச்சு அடைபடும். உள்ளிருந்து வரும் உப்பு பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கி உரிக்கும். அப்போதும் அதே ஆள்தான் வருவார், அடுத்த கூலிக்கு.

உண்மையான குற்றவாளி உங்கள் ஆர்.ஓ. கழிவுநீர். கருவி பிரித்தெடுத்த உப்பு ஏறக்குறைய முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டரில் 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு கரைந்துள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்ன பிறகும், வீட்டுத் தண்ணீரை அளந்து பார்க்காமலேயே கருவியை மாட்டிவிட்டுப் போகிறார்கள். ‘கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுங்கள்’ என்ற இலவச யோசனை வேறு. இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

ஒரே ஒரு விலக்கு உண்டு. புதிதாக வாங்கிய தொட்டி, மழைநீர் மட்டுமே ஊற்றியும் வெளுக்கலாம். அது தண்ணீரின் குற்றமன்று. மண்ணிலேயே இருந்த உப்பு வெளிவருகிறது. அத்தகைய தொட்டியை இரண்டு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் காயவைத்துத் தேய்த்து, மீண்டும் ஊறவையுங்கள். இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உங்களுடையவை பழைய தொட்டிகள் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது.

கழிவுநீரைக் கழிவறைக்கும் வாசல் கழுவவும் ஒதுக்கிவிட்டு, கிடைக்கும் நாட்களில் செடிக்கு மழைநீரை ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர்தான் கதி என்றால், மாதம் ஒருமுறை அடித்துளை வழியே தாராளமாக வழியும்வரை ஊற்றி, கீழ்த்தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடுங்கள்.