எஸ்டோனியாவில் விற்பனை வரி, நிறுவன வரி, சம்பள வரி எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

விற்பனை வரி எளிது. அங்கே வாட் 2025 ஜூலை முதல் 24%. பில்லில் 124 யூரோ இருந்தால் வரி 24 யூரோ. பலர் 124-க்கு 24% போட்டு 29.76 என்கிறார்கள், அது தப்பு. வரி சேர்ந்த தொகையை 124-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்க வேண்டும்.

நிறுவன வரிதான் சுவாரசியம். 2000-ஆம் ஆண்டிலிருந்து, லாபம் கம்பெனிக்குள்ளேயே இருக்கும்வரை வரி கிடையாது. பங்காதாயமாக வெளியே எடுக்கும்போதுதான் கட்ட வேண்டும். விகிதம் 22/78 என்று விநோதமாக இருக்கும். 10,000 யூரோ லாபம் முழுவதையும் எடுக்கிறீர்கள் என்றால் கைக்கு வருவது 7,800. அதை 78-ஆல் வகுத்து 22-ஆல் பெருக்கினால் வரி 2,200. அதாவது மொத்த லாபத்தில் 22%தான், கணக்கு போடும் திசை மட்டும் வேறு. பணத்தைத் தொழிலிலேயே போட்டு வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பேன்.

சரி, சம்பளம். 2026-இல் மாதம் 2,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வேலையின்மைக் காப்பீடு 1.6%, அதாவது 32 யூரோ. ஓய்வூதியத்துக்கு 2% என்றால் 40. அப்புறம் 700 யூரோ வரிவிலக்கு. மீதி 1,228-க்கு 22% வரி, 270.16. கையில் வருவது 1,657.84 யூரோ.

இதற்கு மேல் முதலாளி தன் பங்காக 33% சமூக வரி தனியே கட்டுகிறார். சம்பளச் சீட்டை மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.